கியர் வண்டி

வேலையிலிருந்து நின்று பல வருடம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காக மஹ்பூபியும் பூர்ணிமாவும் மறுபடி ஒன்றாக டீசல் ரயிலில் ஏறினார்கள். பூர்ணிமா இரண்டு டீ வாங்கி வந்தாள். ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போன நாளிலிருந்தே அவர்களுக்குள் ஒரு பந்தயம்: வண்டி கிளம்பும்போது டீயைச் சிந்துகிறவள்தான் அடுத்த டீ வாங்க வேண்டும்.

மஹ்பூபி டீயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகக் கை நடுங்குவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"பழைய ரெயில்பஸ் நெனப்பிருக்கா? கியர் மாத்துறப்பெல்லாம் தூக்கிப் போடும், புடவையெல்லாம் டீ!" என்றாள் பூர்ணிமா.

"அப்புறம் எண்ணெய் வண்டி வந்துச்சே?"

"ஆமா, இன்ஜின் எண்ணெயைச் சுத்த வைக்கும், எண்ணெய் சக்கரத்தைச் சுத்த வைக்கும். மெத்துனு போவும். இந்த வண்டியில இன்ஜின் கரண்டைத்தான் உண்டாக்குது, இழுக்கறது கரண்டு மோட்டாரு. சொட்டு சிந்தாதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்வாரு." அவர் ரயில் இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர்.

வண்டி அலுங்காமல் நகர்ந்தது. மஹ்பூபியின் டீ மட்டும் மடியில் கொட்டியது.

பூர்ணிமா அந்தக் கையைப் பார்த்தாள். உடனே தன் டீயையும் புடவையில் சாய்த்துக்கொண்டாள்.

"பாழாப்போறவன், கியரை எப்படிப் போடறான் பாரு!"

"கரண்டு வண்டின்னு இப்பத்தானடி சொன்னே?"

"எங்க வீட்டு மனுசனுக்கு இன்னா தெரியும்!"

மஹ்பூபி சிரித்தாள். பர்தாவுக்குள் இழுத்துக்கொண்ட கையை வெளியே எடுத்துத் தோழியின் ஈர மடியில் வைத்தாள். அது நடுங்கியது. பூர்ணிமா அதைப் பிடித்துக்கொண்டாள்.