தொப்பிக்காரர் நாடகம்

ஒன்றரை வருஷமாக அழகம்மாள் தன் புருஷனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சோறு ஆறிப்போகும் என்றால் அம்மிக்கல்லிடம் சொல்வாள். "ஏ அம்மி, சோறு போட்டு வச்சாச்சு, திங்கிறவுக திங்கலாம்." வெந்நீர் கொதித்தால் சேதி சுவருக்குப் போகும். நல்லகாமனும் முகம் சுளிக்காமல், "செவரு சொல்லிருச்சு, குளிச்சுட்டு வாரேன்" என்று எழுந்து போவார்.

காரணம் தெருவுக்கே தெரியும். ஒரே மகள் தங்கப்பொண்ணு, வேறு சாதிப் பையன் அழகுமலையைக் கட்டிக்கொண்டு பேரையூருக்குப் போய்விட்டாள். அன்றைக்கு நல்லகாமன் வாசலில் நின்று, "இனிமே இந்த வீட்ல அவ பேரை யாரும் எடுக்கக் கூடாது" என்றார். உள்ளேயிருந்து அழகம்மாள், "அவ பேரை எடுக்கக் கூடாதுன்னா எனக்கு இந்த வீட்ல பேசுறதுக்கு வேற பேச்சு இல்லை" என்றாள். இரண்டு பேரும் சொன்ன சொல்லிலேயே நின்றார்கள்.

பேச்சில்லாத வீட்டில் இருக்க முடியாமல்தானோ என்னவோ, ஒரு நாள் நல்லகாமன் தன் வெல்டிங் பட்டறையிலிருந்து வரும்போது பழைய கறுப்பு வெள்ளை டிவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வீட்ல யாராச்சும் பேசட்டும்" என்று அம்மியைப் பார்த்துச் சொன்னார். அது எண்பத்து நாலாம் வருஷம். அவனியாபுரத்தில் அப்போது படம் இலங்கையிலிருந்துதான் வர வேண்டும். மொட்டை மாடியில் உயரமான குழாய் நட்டு, ஆண்டெனாவை ஏரோட்ரோம் பக்கம் திருப்பி வைத்தால், காற்றுக்கு மனசிருந்தால் வரும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ஒரு அமெரிக்கா நாடகம் வந்தது. எந்தக் காலத்தில் எடுத்ததோ, ஆட்கள் எல்லோரும் தொப்பி வைத்திருந்தார்கள். காக்கி போடாத துப்பறியும் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள், கேள்வி கேட்டார்கள், சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பேச்செல்லாம் இங்கிலீஷ்.

முதல் ஞாயிறு நல்லகாமன் மாடியில் நின்று குழாயைத் திருப்பினார்.

"தெரியுதா?"

திரை முழுக்கப் புள்ளிகள்தான். அழகம்மாள் சுவரைப் பார்த்தாள். "ஏ செவரே, எறும்பு ஓடுதுன்னு சொல்லு."

"செவரு சத்தம் மாடிக்கு எட்டலை!"

வேறு வழியில்லை. ஜன்னலுக்குப் போய்க் கத்தினாள். "எறும்பு ஓடுது! இன்னும் கிழக்க! ம், போதும், ஆட்டாதீக!"

கையை எடுத்தால் குழாய் காற்றில் திரும்பிப் படம் போனது. பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதாயிற்று. நிற்கிற மனிதர் சும்மா நிற்பாரா?

"என்னதான் நடக்குது அங்க?"

"மூத்த தொப்பிக்காரன் கதவைத் தட்டுறான்."

"இளையவன்?"

"பின்னால நிக்கிறான். மச்சினனா இருக்கணும், வாயே தொறக்க மாட்டேங்கிறான்."

"யாரு வீடு?"

"ஒரு பொம்பளை வீடு. காப்பி ஊத்திக் குடுக்கிறா."

"அவதான் கொன்னிருப்பா. கேக்காமக் காப்பி குடுக்கிறவளை நம்பக் கூடாது."

"இருபத்தஞ்சு வருஷமா நான் கேக்காமத்தான் குடுக்கிறேன்."

மாடியிலிருந்து ஒரு சிரிப்பு விழுந்தது. அம்மியையும் சுவரையும் மறந்து அவருக்கே பதில் சொல்லிவிட்டது அழகம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாடகத்தைச் சொல்வது பேச்சில் சேராது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதன்பிறகு வாரத்தில் ஆறு நாள் அம்மி, ஞாயிறு அரை மணி நேரம் ஜன்னல் என்றாயிற்று. பக்கத்து வீட்டு ரெங்கம்மாள்கூடக் கொல்லைச் சுவரில் சாய்ந்து கதை கேட்க ஆரம்பித்தாள்.

இரண்டு மாசம் போயிருக்கும். பேரையூரிலிருந்து வெங்காயம் கொண்டுவரும் சுருளி, மூட்டையை இறக்குகிற சாக்கில் மெதுவாகச் சொன்னான். "அக்கா, உங்க மகளுக்கு ஒம்பதாம் மாசம் பொறந்திருச்சு. 'அம்மா வருமா'ன்னு கேட்டுச்சு. அய்யாவுக்கு முட்டுவலி தேவலையான்னும் கேட்டுச்சு. ஏணியில எல்லாம் ஏற வேணாம்னு சொல்லச் சொல்லுச்சு."

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஆனால் கூட்டிவர அப்பன் வாய் திறக்க வேண்டும். பெயரையே எடுக்கக் கூடாத வீட்டில் எப்படிக் கேட்பது?

மறுநாள் சனிக்கிழமை. அழகம்மாள் தூக்குவாளியில் சோறு கொண்டு பட்டறைக்குப் போனாள். அவர் இல்லை. கதவு மூலையில் சிவப்பு பெயிண்ட் அடித்த இரும்புக் கிளாம்பு ஒன்று ஒட்டடை படிந்து கிடந்தது. அதில் சாக்பீஸால் 'வீட்டு ஆண்டெனா' என்று எழுதியிருந்தது.

"இது எப்ப அடிச்சது?" என்று வேலையாள் மொக்கைச்சாமியிடம் கேட்டாள்.

"அது மொத வாரமே அடிச்சதுல்ல மதினி! மாட்டுனா குழாய் அசையாது, அஞ்சு நிமிஷ வேலை. அண்ணன்தான், 'கெடக்கட்டும்டா'ன்னுட்டாரு."

முட்டுவலிக்காரர் ஒவ்வொரு ஞாயிறும் ஏணி ஏறி, அரை மணி நேரம் குழாயைக் கட்டிப்பிடித்து நின்றது எதற்கென்று அழகம்மாளுக்கு விளங்கிவிட்டது. கிளாம்பை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு. நாடகம் ஆரம்பித்தது.

"இன்னைக்கு யாரைத் தேடுறானுக?"

திரையில் மொட்டைத்தலைக் கடைக்காரன் ஒருவன் கையை விரித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தபடியே அழகம்மாள், "ஒரு பொண்ணை" என்றாள்.

"தொலைஞ்சு போச்சா?"

"தொலையலை. கட்டிக்கிட்டுப் போயிருச்சு. இருக்கிற எடம் எல்லாருக்கும் தெரியும்."

"பொறகு போலீசு எதுக்கு?"

"அதைத்தான் மூத்தவன் அவுக அப்பன்கிட்டக் கேக்குறான். 'தெரிஞ்ச எடத்துக்கு நீ போக வேண்டியதுதானே, எங்களை ஏன்யா அலைய விடுறே'ன்னு."

படம் ஒரு தரம் ஆடி நின்றது.

"அப்பன் என்ன சொல்றான்?"

"வாயே தொறக்கலை. ஒசரமா ஒரு எடத்துல நின்னுக்கிட்டு எதையோ புடிச்சுக்கிட்டிருக்கான்."

கடைக்காரன் போய், தொப்பிக்காரர்கள் காரில் ஏறினார்கள்.

"அந்தப் புள்ள எப்படி இருக்காம்?" குரல் இறங்கியிருந்தது.

"மாசமா இருக்கு. ஒம்பது. ஆத்தா வருவாளான்னு கேட்டுச்சாம்."

"அப்பனைக் கேக்கலையா?"

அழகம்மாள் திரையை விட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "முட்டுவலி தேவலையான்னு கேட்டுச்சாம். ஏணியில ஏற வேணாம்னு சொல்லச் சொல்லுச்சாம்."

திரை முழுக்க எறும்பு ஓடியது. அவர் குழாயை விட்டுவிட்டார்.

"தங்கப்பொண்ணா? தங்கப்பொண்ணா அப்படிக் கேட்டுச்சு?"

தெருவே கேட்கிற மாதிரிக் கத்தியிருந்தார். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரெங்கம்மாள், "ஏ அழகம்மா! அந்த அமெரிக்காக்காரி பேரும் தங்கப்பொண்ணா?" என்றாள்.

அழகம்மாள் கிளாம்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். நல்லகாமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் திருடன் அகப்பட்ட மாதிரி விழித்தார்.

"இது எப்படிக் கெடைச்சது?"

"தொப்பிக்காரன் கண்டுபிடிச்சுக் குடுத்தான்."

"மாட்டவா வேணாமா?"

"மாட்டுங்க. கத்திக் கத்தித் தொண்டை போச்சு. இனிமே கீழ வந்து பக்கத்துல உக்காந்து கேளுங்க."

அவர் கிளாம்பை வாங்கி, ஒட்டடையை ஊதினார். "பேரையூருக்கு மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

"அஞ்சரைக்கு."

"போகும்போது ரெண்டு டிக்கெட்டு" என்றார். போல்ட்டைக் கையால் இரண்டு சுற்றுத் திருகிவிட்டு, அவளைப் பார்க்காமலே சொன்னார்: "வரும்போது நாலு. மாப்ளையை எப்படி விட்டுட்டு வாறது?"