எழுதாமல் விட்ட வரி

மூன்று வருடத்தில் நான்கு மேனேஜர், மூன்று சாஃப்ட்வேர். சையத் ஆல்வி ரோட்டில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடந்த எங்கள் கம்பெனி, தஞ்சோங் பகாரில் பதினெட்டாம் மாடிக்குப் போனதும் என் மேசையும் போனது. இப்போது யாருக்கும் சொந்த இடம் கிடையாது. காலையில் எது காலியோ அதில் உட்கார வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் நாற்காலி பிடிக்க ஓடுகிறேன். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

துவாஸ் தொழிற்பேட்டையில் ரசாயனத் தொட்டிகளைச் சுத்தம் செய்கிறவர்கள் எங்கள் ஆட்கள். அவர்கள் தொட்டிக்குள் இறங்க பெர்மிட் கொடுப்பது என் வேலை. காலையில் ஒன்று, மதியச் சாப்பாடு முடிந்து ஒன்று. பத்தொன்பது வருடமாக இதுதான்.

பிப்ரவரியில் வைஷாலி வந்தாள். மாற்றங்களைக் கவனிக்கவென்றே ஒரு பிரிவு, அதற்கு அவள் தலைமை. சிரித்த முகம், கெட்டிக்காரி.

“அங்கிள், நீங்க செய்ற வேலைய ஸ்டெப் பை ஸ்டெப்பா எழுதிக் குடுங்க லா. சிஸ்டம் அதப் பாத்துக் கத்துக்கும்.”

எல்லோரிடமும் இதையே கேட்டாள். அப்துல் மஜீது பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் அவருக்குக் கேக் வெட்டி, கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். சம்சுன்னிசா எட்டுப் பக்கம். அவளுக்கும் கேக். அதற்குப் பிறகு பேன்ட்ரியில் கேக் பெட்டியைப் பார்த்தாலே நான் டீ எடுக்காமல் திரும்பிவிடுவேன்.

என் மகள் ருக்ஸானா படிப்பை முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. நான் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். ஒரு வரியை மட்டும் விட்டேன்.

அந்த வரி ஒரு போன். தொட்டிக்குள் விஷவாயு இருக்கிறதா என்று காலையில் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். வெயில் ஏற ஏற அடியில் கிடக்கும் கசடிலிருந்து வாயு கிளம்பும். உண்ட களைப்பில் ஒருமுறை மறந்துபோய், இரண்டு பேர் உள்ளே மயங்கி விழுந்து எப்படியோ பிழைத்தார்கள். அன்றிலிருந்து ஒரு மணிக்கு நான் சூப்பர்வைசர் ஜெய்க்குப் போன் செய்வேன். “மீட்டர் பாத்தாச்சா? நம்பர் சொல்லு.” அவன் பார்த்துச் சொல்வான், நான் பெர்மிட்டில் ஏற்றுவேன். பின்னாலிருந்து அருண்ராஜ் என்று ஒருவன் கத்துவான்: “பாய், இன்னைக்கும் பிரியாணியா?” அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

யாரும் சொல்லித் தராத வேலை அது. எழுதாமல் விட்டால் பெர்மிட்டில் மதிய எண்ணுக்கான கட்டம் காலியாக நிற்கும், சிஸ்டம் விழிக்கும், வைஷாலி என்னைத் தேடி வருவாள். முகைதீன் இல்லாமல் நடக்காது என்று புரிந்துகொள்வாள். இப்படித்தான் நினைத்தேன்.

“ரொம்ப கம்ப்ளீட்டா இருக்கு அங்கிள்,” என்றாள். “இனிமே நீங்க பெர்மிட்டத் தொடவே வேணாம்.” என்னைப் பழைய கோப்புகளை அடுக்க அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை சிஸ்டம் ஓடத் தொடங்கியது. காலை பெர்மிட்டை அதுவே கொடுத்தது. ஒரு மணி ஆனது. போன் என் கையில்தான் இருந்தது. நான் செய்யவில்லை. வந்து கேட்கட்டும் என்று ஒரு வீம்பு.

ஒரு மணி நான்கு நிமிடத்துக்குத் திரையில் மதியப் பெர்மிட்டுக்குப் பச்சை விழுந்தது.

“பாருங்க அங்கிள், யாருமே தொடாம வந்துடுச்சு!” வைஷாலி என் பின்னால் நின்று கைதட்டினாள்.

வாயு அளவைப் பார்த்தேன். காலையில் இருந்த அதே எண். சிஸ்டம் நிற்கவில்லை, காலை எண்ணையே எடுத்து மதியத்துக்கும் போட்டுக்கொண்டது.

அந்த நொடியே ஜெய்யைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவள் எதிரில் பேசினால் நான் மறைத்தது தெரிந்துவிடுமே என்று, அவள் நகரும்வரை கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நாலு நிமிடம் இருக்கும். என்ன மனிதன் நான்!

படிக்கட்டுப் பக்கம் ஓடிப்போய் அழைத்தேன். வெகுநேரம் மணி அடித்தது.

“ஜெய், மீட்டர் பாத்தீங்களா?”

“இல்ல பாய். நீங்க போன் பண்ணினாத்தானே மீட்டரையே எடுப்போம். இன்னைக்கு உங்க போன் வரல, பச்சை வந்துடுச்சு. இனிமே சிஸ்டமே பாத்துக்கும்னு நெனச்சோம்.”

“உள்ள யாரு?”

“அருண்ராஜ். இப்பத்தான், அஞ்சு நிமிஷம் இருக்கும்.”

“வெளிய எடுங்கடா அவன!”

ஜெய்யின் போன் எங்கோ விழுந்தது. கட்டாகவில்லை. ஓடும் சத்தம் கேட்டது. “மாஸ்க் போடாம எறங்காத!” என்று யாரோ அலறினார்கள். தொட்டி வாயில் நின்று ஜெய் அருண்ராஜின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அது உள்ளே முழங்கி அவனிடமே திரும்பி வந்தது. யா அல்லாஹ், ஒரு தடவை அந்தப் பையன் பதில் சொல்லிவிடட்டும்.

படிக்கட்டுக் கதவைத் திறந்து வைஷாலி தலையை நீட்டினாள்.

“இங்கயா இருக்கீங்க அங்கிள்? வாங்க, கேக் வந்துருக்கு. உங்களுக்காகத்தான் எல்லாரும் வெயிட்டிங்.”

கேக் யாருக்கு என்று எனக்குப் புரிந்தது. அதைப் பற்றி ஒன்றுமே தோன்றவில்லை.

“நான் ஒரு வரிய எழுதாம விட்டுட்டேம்மா,” என்றேன்.

“பரவால்ல அங்கிள்,” என்று சிரித்தாள். “அப்புறமா சேத்துக்கலாம் லா.”

என் காதில், துவாஸில், ஜெய் இன்னும் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.