ஆறாம் பக்கம்

யூஜீன் நகரப் பூங்காவின் சறுக்குமரம் மழையில் நனைந்து கிடந்தது. பிள்ளையை ஏற்ற வேண்டாம் என்று கிரெட்சன் அப்போதே சொன்னாள். டானியா கேட்கவில்லை. வருஷத்துக்கு மூன்றே தடவை, தடவைக்கு இரண்டே மணி நேரம் கண்ணில் காட்டப்படுகிற பிள்ளை ஆசையாய்க் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல எவளுக்கு மனசு வரும்? பெற்றவள் டானியா, தத்தெடுத்து வளர்ப்பவள் கிரெட்சன். ஐந்து வருஷத்துக்கு முன் நீதிபதி முன்னால் இருவரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் எல்லாம் இருந்தது: எத்தனை மணி நேரம், எந்த இடம், என்ன பேசக்கூடாது.

பிள்ளை மேபல் வழுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம்.

"அம்மாகிட்ட வா கண்ணு."

டானியாவின் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. இரண்டு பேருமே கையை நீட்டினார்கள். பிள்ளை டானியாவைத் தாண்டி ஓடிப்போய் கிரெட்சனின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

கிரெட்சன் நிதானமாகக் காயத்தைத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டி, பையை எடுத்தாள்.

"ஆறாம் பக்கம். அம்மான்னு சொல்லிக்கக் கூடாது. நாங்க கெளம்புறோம். இனிமே பாக்க விடறதா வேண்டாமான்னு வக்கீலக் கேட்டுட்டுச் சொல்றேன்."

மகாராணி போலப் பேசினாள். ஆனால் அந்தப் பதினான்கு பக்கத்தையும் வேலை பார்க்கும் ஹோட்டலின் சலவையறையில் துணி காய்கிற நேரமெல்லாம் படித்துக் கரைத்துக் குடித்திருந்தவள் டானியா.

"அதே பக்கத்துல கீழ பாருங்க. தப்பு நடந்தா மொதல்ல நடுவர் முன்னால பேசணும். அதுவரைக்கும் நேரத்த வெட்டக்கூடாது. இன்னும் எண்பது நிமிஷம் இருக்கு. ஒக்காருங்க."

கிரெட்சன் போனில் ஒப்பந்தத்தைத் தேடிப் பார்த்தாள். முகம் சிவந்தது. உட்கார்ந்தாள்.

"இவ்ளோ சட்டம் தெரிஞ்சவளுக்கு அன்னைக்குப் புள்ளய வச்சுக்கத் தெரியலையா?"

அதற்குப் பதில் இருந்தது. பத்தொன்பது வயசில் வீடில்லாமல் காருக்குள் படுத்து எழுந்த குளிர்காலம் முழுக்க அந்தப் பதில்தான். சொன்னால் அழுகை வந்துவிடும். இவள் முன்னால் அழுவதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்றிருந்தது டானியாவுக்கு.

சண்டை போட்டு வாங்கிய எண்பது நிமிஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேபல்தான் நொண்டியபடி அவளிடம் வந்து, அவிழ்ந்திருந்த ஷூ லேஸைக் காட்டினாள். டானியா ஈரத்தரையில் மண்டியிட்டாள். விழாமல் இருக்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டது குட்டிக் கை.

"உங்க பேரு என்ன? மறந்துட்டேன்."

கிரெட்சன் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். டானியாவின் விரல்கள் பாதி முடிச்சில் நின்றன. பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது.