நடந்து வந்த கேஸ்

"இதர் சைன் கரோ," என்று கையெழுத்துப் போடச் சொல்லி ஆஸ்பத்திரி கிளார்க் தாளை அகிலாவின் பக்கம் தள்ளினான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

உள்ளே வார்டில் அவள் அப்பா கிருஷ்ணமூர்த்தியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார்கள். உயிர் போய் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

தாளில் இங்கிலீஷில் இருந்ததைத் தம்பி குணா படித்துச் சொன்னான்.

"பேஷண்ட் போர்ட் பிளேயர் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சம்மதிக்கலைன்னு போட்டிருக்குக்கா."

"யாரு சம்மதிக்கல?"

"கேக்காதக்கா. சைன் போட்டாத்தான் பாடியக் குடுப்பாங்களாம்."

காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் வந்த மனுஷன், நாலு பேர் பார்க்க ஸ்ட்ரெச்சரில் படுப்பதா என்று சட்டைப் பொத்தானைப் போட்டு, தலையை வாரிக்கொண்டு, வாசலிலிருந்து தானே நடந்தார். வீம்பு பிடித்த மனுஷன். அந்தப் பாழாய்ப்போன இருபது அடியைப் பார்த்துத்தான் ரிஜிஸ்தரில் 'நடக்கிற கேஸ்' என்று எழுதிவிட்டார்கள். தீவிலிருந்து போர்ட் பிளேயர் போகும் பதினோரு மணி ஹெலிகாப்டரில் நோயாளிக்கு ஒரே இடம். படுத்துவிட்டவர்களுக்குத்தான் முதலில். எழுதியதை மாற்றச் சொல்லி அகிலா மூன்று முறை போய்க் கெஞ்சினாள்.

"நடந்துதானேம்மா வந்தாரு? நாளைக்குப் பாக்கலாம்," என்றாள் நர்ஸ் ராணி.

ஹெலிகாப்டர் கூரைக்கு மேல் போனபோது அப்பா கண்ணைத் திறந்து, "நம்மளதா?" என்று கேட்டார். அவள் போர்வையை அவர் மார்புவரை இழுத்து மூடினாள்.

"ஹம்னே கப் மனா கியா? நாங்க எப்பய்யா மாட்டோம்னோம்?" என்று இப்போது கிளார்க்கிடம் கத்தினாள்.

"ஃபார்மாலிட்டி ஹை. ஜல்தி கரோ," என்று அவன் அவசரப்படுத்தினான்.

"போட்டுத் தொலைக்கா. அப்பாவ வீட்டுக்குக் கொண்டுபோவோம்," என்றான் குணா.

அகிலா பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடும் இடத்தில் தமிழில் நிதானமாக எழுதினாள். காலை எட்டு மணியிலிருந்து அப்பா போகத் தயாராக இருந்தார். இவர்கள்தான் ஏற்றவில்லை. அடியில் தன் பெயரைப் போட்டாள்.

கிளார்க்குக்குத் தமிழ் தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இவ்வளவு நீளமாக ஒரு பெயரா என்று இந்தியில் கேட்டு, பக்கத்தில் நின்ற ராணியிடம் நீட்டினான்.

ராணி படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அகிலா அவள் முகத்தையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பா பேரையும் சேர்த்து எழுதியிருக்கிறாள் என்று ராணி இந்தியில் சொன்னாள்.

கிளார்க் முத்திரையை மையில் ஒற்றி, அந்த வரிகளின் மேலேயே குத்தினான்.