பூர்ஜ மரத்துப் புழுக்கள்

நாடிக்கட்டு தளர்ந்துவிட்டது. ஜெயமதி குனிந்து கணவர் குணபத்திரனின் தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, துணியை இழுத்து உச்சந்தலையில் முடிந்தாள். மழிக்காத நரைமுடி உள்ளங்கையில் குத்தியது.

வல்லத்திலிருந்து வந்த நாத்தனார் குணமதி அழுது முடித்து மூக்கைத் துடைத்தாள். "அண்ணன் உபவாசத்துலயே போயிட்டாரு பாருங்க. யாருக்குக் கெடைக்கும் இந்த மாதிரி சாவு?"

"சுகர் மாத்திர போடறவரு பட்டினி கெடக்கலாமா? நீயாவது அதட்டியிருக்கலாமில்ல, அக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி.

ஜெயமதி கொல்லைப் பக்கம், பூர்ஜ மரம் நின்ற திசையில் திரும்பினாள்.

சிம்லாவில் வேலை பார்க்கும் மகன் கொண்டுவந்த கன்று அது. மலையில் வளரும் வெள்ளைப் பட்டை மரம். திண்டிவனத்து வெயிலில் அதைப் பிழைக்கவைக்க குணபத்திரன் கிணற்றடியில் கீற்றுத் தட்டி கட்டினார். அடிமரத்தைச் சுற்றி ஈரச் சாக்கு போட்டார். "பேசாம அதுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் குடுத்துடுங்க, ஊரு போய்ச் சேரட்டும்" என்று ஜெயமதி கேலி செய்வாள். அவரும் சிரிப்பார்.

பிறகு புழு வந்தது. காலையெல்லாம் வீங்கிய கால்களோடு குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக இறகால் டம்ளரில் தள்ளி, வேலிக்கு அப்பால் எருக்கஞ்செடியில் விட்டுவருவார். மறுநாளும் இலைகள் சல்லடையாக இருக்கும். அவர் முகம் வாடுவதை அவளால் பார்க்க முடியவில்லை. அவர் மேல்சித்தாமூர் சமணக் கோயிலுக்குப் போன அன்று, குத்தகைக்காரன் வைத்துவிட்டுப் போயிருந்த பூச்சி மருந்தைக் கரைத்து, வேப்பங்கொத்தால் தெளித்துவிட்டாள்.

திரும்பி வந்தவர், மரத்தடியில் கறுத்துச் சுருண்டு கிடந்தவற்றை உள்ளங்கையில் பொறுக்கினார்.

"மருந்து வாட வருதே?"

"காட்டுல மல்லாட்டைச் செடிக்கு அடிக்கறாங்க. காத்துல வந்திருக்கும்."

அவர் அவளையே பார்த்தார். "ஆசப்பட்டு வளத்தது நான்தானே. அந்தப் பாவம் என்னுதுதான்."

பாவம் கழிய அன்றிலிருந்து உபவாசம்; பகலில் வெந்நீர் மட்டும், பொழுது சாய்ந்தால் அதுவும் இல்லை. மாத்திரையும் வேண்டாமென்றார். ஒவ்வொரு மதியமும் கேப்பைக் கூழோடு அவர் எதிரில் நின்றாள். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், குடித்திருப்பார். கோபித்துக்கொள்ள மாட்டார் என்பதும் தெரியும். அந்தக் கோபமில்லாத முகத்தை எதிர்கொள்ளத்தான் பயமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று கூழை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

கொல்லைப் பக்கம் போய்வந்த குணமதி அவள் தோளைத் தொட்டாள். "அண்ணி, மரம் துளிர் வுட்டிருக்கு. ஒரு புழு இல்ல. அண்ணன் பட்டினி கெடந்தது வீண் போவல."

"குணமதி..."

"சொல்லுங்க அண்ணி."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"உம் புள்ளைங்க சாப்பிட்டுதுங்களா?"

"அதெல்லாம் ஆச்சு. நீங்க அதப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

கணவரின் புறங்கையில் ஓர் எறும்பு ஏறியது. ஜெயமதி புடவைத் தலைப்பின் நுனியை அதன் முன்னால் வைத்தாள். எறும்பு தயங்கி, துணியில் ஏறிக்கொண்டது. வாசல்வரை ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அதை எங்கே கொண்டுபோய் விடுவதென்று தெரியாமல், தலைப்பை மடியில் விரித்துப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.