பட்டு நூல் விழுந்த பக்கம்

பெருந்தேவி புத்தகத்தைத் தரையில் வைத்து விரல் நுனியால் என் பக்கம் தள்ளினாள். அவள் கையிலிருந்து நேராக நான் எதையும் வாங்குவதில்லை, என் கையிலிருந்து அவளும் வாங்குவதில்லை. அது அந்த வீட்டு வழக்கம். கொல்லைத் தாழ்வாரத்தில், கிணற்றை ஒட்டி, எனக்கென்று ஒதுக்கிய பலகையில் நான் உட்காருவேன். அவள் நிலைப்படிக்கு உள்ளே உட்காருவாள். பாடம் முடிந்து நான் எழுந்து போனதும் பலகைமேலும் தரைமேலும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவாள். சந்து முனை திரும்பும்வரை அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். முதல் மாதம் வயிறு எரிந்தது. பிறகு பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மற்ற வீடுகளில் பலகைகூடக் கிடையாது என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் மரியம்மாள். தாமல் ஏரிக்கரைச் சேரியில் பிறந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குப் பாடம் சொல்லும் வேலையில் சேர்ந்து அப்போது ஏழு வருஷம். ஜார்ஜ் சக்கரவர்த்திக்குப் பட்டாபிஷேகம் ஆன மறுவருஷம் அது. சின்னக் காஞ்சிபுரத்தில், வரதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், பாஷ்யமய்யங்கார் வீட்டுக்குச் செவ்வாயும் வியாழனும் போவேன். கோயிலில் பிரபந்தம் சொல்லும் கோஷ்டியில் முன்வரிசைக்காரர் அவர். அப்படிப்பட்டவர் என்னைக் கொல்லைப்பக்கம் விட்டதற்கு ஒரே காரணம், பினாங்கிலிருந்த மகனுக்கு எழுதும் கடிதத்தில் விலாசத்தை இங்கிலீஷில் எழுத வீட்டில் ஆளில்லாமல் போனதுதான். அந்த மகன் முரளீதரனின் மனைவிதான் பெருந்தேவி. மாமியார் இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. வீட்டில் அவர்கள் இரண்டே பேர்.

முரளீதரன் ஒரு சீன முதலாளியின் அரிசி மண்டியில் கடிதம் எழுதும் வேலைக்குப் போய் ஆறு வருஷம். அய்யங்கார் பிள்ளை கடல் தாண்டினால் சும்மா விடுவார்களா? அதற்கே பாஷ்யமய்யங்காரை இரண்டு வருஷம் கோஷ்டியில் பின்வரிசைக்குத் தள்ளி வைத்திருந்தார்களாம். எவ்வளவோ பேசி முன்வரிசைக்குத் திரும்பியிருந்தார். மகன் திரும்பி வரவில்லை. வந்தால் பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டும், அதற்கு அவன் ஒப்பவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாகப் பெருந்தேவி இருந்தாள்.

மார்கழிக் கடைசியில் அவனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. சீன தேசத்துக் கதைகள், இங்கிலீஷில், படங்களோடு. உள்ளே ஒரு சீட்டு. 'இங்கே முதலாளி வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகள். வாசிக்கக் கற்றுக்கொண்டிருப்பாய் என்று நினைக்கிறேன். மாசி பதினாறில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல். கும்பகோணத்து சீனிவாசன் குடும்பத்தோடு வருகிறான், அவர்களோடு நீயும் வரலாம். இந்தத் தடவையும் வராவிட்டால் இனிமேல் கூப்பிடமாட்டேன்.'

அவளோ இரண்டாம் பாடப் புத்தகத்தில் பசு, பூனையைத் தாண்டவில்லை. ஆகையால் நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். என் வேலையில் முதல் அரை மணி பைபிள் வேதபாடம், அடுத்த அரை மணி இங்கிலீஷ் என்று சட்டம். வேதபாடத்தைப் பெருந்தேவி கஷாயம் குடிப்பதுபோல் கேட்டுக்கொள்வாள். சீனக் கதை வந்தபிறகு அந்த அரை மணியையும் அதுவே தின்றுவிட்டது. தினசரி நோட்டில் 'வேதபாடம் நடந்தது' என்று எழுதினேன். பொய்தான். நான் அந்த வேலையில் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதையும் இப்போது ஒப்புக்கொண்டாயிற்று.

சீனத்து வானுலகம் நம் தாலுகாக் கச்சேரி மாதிரி இருந்தது. தேவர்களுக்கு மேல் தேவர்கள், மனுவுக்கு மேல் மனு, எதற்கும் உத்தரவு வர நாளாகும். நரி பெண்ணாக வந்து குடித்தனம் நடத்தும், அதுவும் ஒழுங்காக நடத்தும். தலை போகிற ஆபத்திலும் யாராவது ஒருவன் மரத்தடியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பான். எனக்கு அந்த இடங்கள் பிடித்தன. பசியை மறைக்காத கதைகள் என்று தோன்றியது. பெருந்தேவிக்கு வேறு கேள்விகள். "அந்த நரிக்கு மாமனார் உண்டோ?" என்பாள். வானத்தில் நெய்கிறவளையும் பூமியில் மாடு மேய்க்கிறவனையும் நட்சத்திர ஆறு பிரித்துவைத்த கதையை நான் தழுதழுத்துச் சொன்னேன். வருஷத்துக்கு ஒருநாள் பறவைகள் பாலம் கட்ட, இருவரும் சந்திப்பார்கள்.

"வருஷத்துக்கு ஒரு நாளா?" என்றாள் அவள். "கொடுத்து வெச்சவா."

உள்ளே கூடத்தில் பாஷ்யமய்யங்கார் ஏடு பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். மிலேச்சக் கதை என்று முதல்நாளே சொல்லிவிட்டவர்தான். ஆனால் நான் கதையைப் பாதியில் நிறுத்தினால் உள்ளிருந்து ஒரு கனைப்பு வரும். மேலே சொன்னால் அடங்கும். மனிதர் ஆறடிக்கு மேல், நிலைப்படியில் குனிந்துதான் வருவார். ஒருமுறை தாழ்வாரத்துப் பரண்மேலிருந்து பித்தளை அண்டா வேண்டியிருந்தது. பெருந்தேவி முக்காலி போட்டு ஏறியும் எட்டவில்லை. அவர் வந்து, கையை நீட்டி, அண்டாவை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். அண்டாவுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி இருந்தது. கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்றாள் பெருந்தேவி. புடவைகளை எடுத்து அடுக்கிய பிறகு மேலே போனதாம், பிறகு இறங்கவில்லை.

தை மாதம் பாதி போனபின் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் உட்கார்ந்ததும் அவள் கதை கேட்கவில்லை.

"வாத்தியாரம்மா, இந்த வியாழக்கிழமைத் தபாலை விட்டா பதில் கப்பலுக்கு முன்னாடி போய்ச் சேராது. நான் வரேன், இல்லைன்னா வரலே. ரெண்டுல ஒண்ணு எழுதியாகணும்."

"பெரியவரு என்ன சொல்றாருங்கம்மா?"

"ஸ்ரீராமாயணத்துல பார்த்துட்டார். சேவிச்சுட்டுப் பிரிச்சா சுந்தர காண்டம் வந்துது. சீதை அசோகவனத்துல இருக்கா. 'இருக்கச் சொல்லி வாக்கு வந்திருக்கு'ன்னுட்டார்."

எனக்குக் கோபம் வந்தது. சுந்தர காண்டத்தில் எங்கே பிரித்தாலும் சீதை காத்துக்கொண்டுதானே இருப்பாள்? பழகின புத்தகம், அடிக்கடி பிரிக்கிற இடத்தில்தான் பிரியும். அதைச் சொல்லாமல் விழுங்கினேன். ஆனால் அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

"அந்தப் புஸ்தகத்துக்கு எங்க எல்லாரையும் தெரியும்" என்றாள். "இதுக்கு என்னைத் தெரியாது. பட்சபாதம் இருக்காது. இதுல நூல் போட்டுப் பார்க்கப் போறேன்."

இடுப்பிலிருந்து ஒரு சிவப்புப் பட்டு நூலை எடுத்தாள். நூல் இழைக்கிற வீட்டில் கேட்டு வாங்கினதாம். "சீனத்துலேர்ந்து வந்த நூலாம். சீனத்துப் புஸ்தகத்துக்குச் சரியாப்போச்சு."

"எங்க வேதத்துல குறி பாக்கறது பாவங்கம்மா."

"நீங்க பார்க்க வேண்டாம். வாசிச்சாப் போறும். எங்க மாமனார்கிட்டயும் சொல்லியாச்சு. எது வந்தாலும் அதோட சரின்னு ஒத்துண்டிருக்கார். ஒரு தரம்தான். வலது பக்கம்."

கூடத்தில் கனைப்புகூட இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார் என்று அதிலிருந்தே தெரிந்தது. அவள் போனால் அவருக்குச் சோறு வடிக்க ஆளில்லை. முன்வரிசையும் போய்விடும், இந்தத் தடவை திரும்பக் கிடைக்காது. எனக்கும் ஒன்று போகும். மருமகளைக் கப்பலேற்றிவிட்ட கிறிஸ்தவ வாத்திச்சி என்று அந்தத் தெருவில் ஒரு கதவும் திறக்காது. இவ்வளவும் ஒரு குழந்தைப் புத்தகத்தின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

பட்டுக்குத் தீட்டில்லை என்பது அவர்கள் சாஸ்திரம். அதனால் நூலின் ஒரு நுனியை அவள் பிடித்துக்கொண்டாள், மறுநுனியை நான் பிடிக்கலாம். மூடிய புத்தகத்தை மடியில் செங்குத்தாக நிறுத்தினேன். அவள் கண்ணை மூடி, வரதனை வேண்டிக்கொண்டு, இழுத்துப் பிடித்த நூலைத் தாள்களின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். அது உள்ளே இறங்கியது. அந்த வீட்டில் நாங்கள் இருவரும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் பிடித்திருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

பிரித்தேன். வலது பக்கம் ஒரு கதையின் தொடக்கம். தலைப்பிலேயே அது காத்திருக்கிறவள் கதை என்று தெரிந்தது. இடது பக்கத்தில் ஒரு பெண் படகில் ஏறிச் சிரித்துக்கொண்டு போகும் படம். அதை வாசித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆசை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் இல்லாததை இருப்பதாக வாசித்தால் பிறகு நான் எதை வாசித்தாலும் அதற்கு மதிப்பில்லை. வலது பக்கத்தையே வாசித்தேன்.

ஒரு கடலோர ஊர். கணவன் படகேறிப் போனான். மலையிலிருந்து பார்த்தால் பாய் முதலில் தெரியும் என்று மனைவி தினமும் மலை ஏறினாள். முதலில் சமைத்துவிட்டு ஏறினாள். பிறகு சமைக்காமல் ஏறினாள். பிறகு இறங்குவதையே விட்டாள். மழை பெய்தது, பனி பெய்தது. ஒருநாள் காலையில் ஊரார் போய்ப் பார்த்தபோது, அவள் நின்ற இடத்தில் அவள் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. ஊரார் அதற்கு ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டார்கள்.

அதோடு பக்கம் முடிந்தது.

"உத்தமி" என்றார் பாஷ்யமய்யங்கார் உள்ளிருந்து. குரலில் சந்தோஷம் இல்லை, பாரம் இறங்கினது மட்டும் இருந்தது. "வாக்கு வந்துடுத்து. ரெண்டு புஸ்தகமும் ஒண்ணாச் சொல்லிடுத்து. இனிமே பேச்சில்லை."

பெருந்தேவி அழவில்லை. நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வருஷம் நின்னாளாம்?"

"அது போடலீங்கம்மா."

"போட்டிருக்கணும்" என்றாள். "எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்."

நான் புத்தகத்தை மூடப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், கடைசி வரிக்குக் கீழே கதை முடிந்ததற்கான கோடு இல்லை. வலது பக்கம் என்றுதான் பேச்சு. நூல் சொன்னது அவ்வளவுதான், மூடிவிட்டால் என் தெரு எனக்கு மிஞ்சும். பாதிக் கதையை முழுக் கதை என்று விட்டுவிட்டு எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை. பாழாய்ப்போன வாத்தியார் புத்தி.

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்கம்மா."

தாளைப் புரட்டினேன்.

வெகுகாலம் கழித்து அவன் வந்தான். மலை வழியாக இறங்கும்போது களைத்துப்போனான். வழியில் நின்ற ஒரு கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துச் சோறு தின்றான். வெயிலில் சூடேறிய கல் முதுகுக்கு இதமாக இருந்தது. தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, மனைவியைத் தேடி ஊருக்குள் போனான்.

அடியில் கோடு இருந்தது.

பிறகு கூடத்துக் கதவு அசைந்தது. பாஷ்யமய்யங்கார் குனிந்து, நிலைப்படிக்கு அருகே வந்து நின்றார்.

"பெருந்தேவி, அந்தக் கடைசியை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லு."

அவள் சொல்வதற்கு முன் வாசித்தேன். அவர் கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை நேரே என்னோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர், மறந்துபோய் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சாஞ்சுண்டானே. அப்பக்கூட அவனுக்குத் தெரியலையா?"

"இல்லீங்க சாமி. புஸ்தகத்துல அவ்ளோதான் இருக்குது."

"கல்லுக்கு?"

புத்தகத்தில் அதுவும் இல்லை. ஆறு வருஷம் காத்திருந்தது பெருந்தேவி ஒருத்தி மட்டும் இல்லை என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அவர் குனிந்து உள்ளே போனார்.

பெருந்தேவி நூலை உருவிச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டாள். அன்று பாடம் நடக்கவில்லை. நான் எழுந்து வந்தேன். சந்து முனையில் நின்று காதைக் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றினாள், எப்போதும்போல் இரண்டு குடம்.

வியாழக்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போனேன். கொல்லைக் கதவு சாத்தியிருக்கும் என்று நினைத்தேன். திறந்திருந்தது. என் பலகை இடத்தில் இருந்தது. உள்ளே பாஷ்யமய்யங்கார் பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தார், குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. பெருந்தேவி இன்னும் வரவில்லை. நான் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். பரண்மேல் அண்டா ஒருபக்கம் நகர்ந்திருந்தது, அதன் பின்னால் இருந்த பெட்டியைக் காணோம். முக்காலி போட்டாலும் பெருந்தேவிக்கு எட்டாத பரண், கீழே முக்காலியும் இல்லை.

கிணற்றடி வெயிலில் தகரப் பெட்டி வாய் திறந்து காய்ந்துகொண்டிருந்தது. கழுவித் துடைத்து, உள்ளே நாலு மூலையிலும் வேப்பிலை போட்டிருந்தது. வேறொன்றும் இன்னும் வைக்கவில்லை.