விழிப்போடு இருக்கச் சொன்ன எம்.எல்.ஏ.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி கேட்டுக்கு எதிரே பதினோரு வருடமாக என் டீ வண்டி நிற்கிறது. அதில் இருக்கும் கியூஆர் அட்டையை ஒட்டியது நான் இல்லை, எங்கள் எம்.எல்.ஏ. திம்மப்பன். மார்ச் பதினாலாம் தேதி ஆள் அம்போடு வந்து, தன் கையாலேயே ஒட்டி, போட்டோ எடுத்துக்கொண்டார். ‘ரொக்கமில்லாத் தொகுதி’ என்று பிறகு ஒரு பேனர் வைத்தார்கள். அதில் அவர் பக்கத்தில் என் முகம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்கு மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் பேசினார்.

“வட்டிக்காரன்கிட்ட போய் நிக்காதீங்க. காச பேங்க்ல போடுங்க. பத்து ரூவா டீக்கும் போன்லயே வாங்குங்க. என்னயப் பாருங்க, சட்டப் பையில ஒத்த ரூவா கிடையாது!” என்று பையைத் தட்டிக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். அந்தக் கையை இப்போது என்ன செய்தால் தகும் என்று தெரியவில்லை.

அவர் சொன்னபடியே செய்தேன். உண்டியலை உடைத்து எல்லாவற்றையும் பேங்கில் போட்டேன். ரோட்டை அகலப்படுத்தப்போகிறோம், மே மாதக் கடைசிக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பின்தெருவில் கடை போடத் தோதாக நஞ்சம்மாவின் ரூம் ஒன்று காலியாக இருந்தது. அட்வான்ஸ் ஒரு லட்சம். என் கணக்கில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் இருந்தது. பணத்தை எடுக்கப் போன அன்றுதான், என் கணக்கை முடக்கியிருப்பதாகச் சொன்னார்கள்.

“பெங்களூர் சைபர் போலீஸ் நிறுத்தச் சொல்லியிருக்காங்கம்மா. யாரோ ஏமாத்துன காசுல நானூத்தி அறுவது ரூவா உங்க கணக்குக்கு வந்திருக்கு. நீங்க அங்க போய்த்தான் கேக்கணும்” என்றார் பேங்க்காரர்.

நானூற்று அறுபது ரூபாய்க்கு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தையும் பூட்டி வைப்பார்களாம். ஒரு நாளைக்கு முன்னூறு பேர் ஸ்கேன் செய்கிறார்கள். அதில் எவன் திருடன் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? டீ கேட்கிறவனிடம் ஜாதகமா கேட்க முடியும்?

“எம்.எல்.ஏ.வப் போய்ப் பாரு பவுலினா. அட்டய ஒட்டுனதே அவருதான” என்றார் என் வீட்டுக்காரர் ஐசக். போனேன். திம்மப்பன் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டார்.

“அநியாயம்மா இது. இந்த மாசத்துல நீ ஆறாவது ஆளு. புதன்கிழமை சட்டசபைல இதத்தான் பேசப்போறேன். சாதாரண சனங்க கணக்குல கை வெக்கக் கூடாதுன்னு சட்டமே வேணும்” என்றார். உதவியாளர் கோபியைக் கூப்பிட்டு, பேச்சில் சேர்ப்பதற்காக என் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்ததும் நஞ்சம்மாவுக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னேன்.

மறுநாள் வண்டியைப் போடாமல் பெங்களூர் பஸ் ஏறினேன். எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. பாதி கஸ்டமர்களிடம் பேசுவதே கன்னடத்தில்தான். ஆனாலும் மூன்று மேசை அலைந்த பிறகுதான் ஓர் அதிகாரி பைலைத் திறந்தார். தேதி மார்ச் பதினாலு, தொகை நானூற்று அறுபது என்றார். “பணம் கொடுத்தவர் அது டீக்குக் கொடுத்ததுதான் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அன்றைக்கே பேங்குக்குச் சொல்லிவிடுகிறேன்” என்றார். நல்ல மனிதர்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே போனைத் துழாவினேன். மார்ச் பதினாலு, காலை பத்தே முக்கால், நானூற்று அறுபது ரூபாய், கோபி. எம்.எல்.ஏ. கூட்டத்துக்கு ஊற்றிய இருபத்து மூன்று டீ, இருபத்து மூன்று போண்டா. அட்டையை ஒட்டிய கையோடு, இதுதான் முதல் வியாபாரம் என்று சொல்லி, போட்டோவுக்குச் சிரித்தபடி கோபி ஸ்கேன் செய்த பணம்.

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. தெரிந்த மனிதர்கள், ஒரு வரிதானே, உடனே எழுதித் தந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் ஓசூரில் வேறு யாரும் இருக்க முடியாது.

அத்திப்பள்ளி தாண்டி ஓசூரில் இறங்கியதும் நேராக ஆபீசுக்குப் போய் கோபியிடம் போனைக் காட்டினேன். அவன் முகம் செத்துப்போனது.

“அக்கா, சத்தமாப் பேசாதீங்க. கிரிக்கெட் பெட்டிங்ல ஒருத்தன் எனக்குக் காசு போட்டான். அது திருட்டுக் காசுன்னு எனக்குத் தெரியாதுங்க. என் கணக்கையும் மாசக்கணக்கா நிறுத்தி வெச்சிருக்காங்க.”

“தெரிஞ்சுதான் அன்னிக்கு என் பேர எழுதுனயா?”

“சார் சொல்லாம நான் எதுவும் எழுதித் தர முடியாதுக்கா” என்றான். உள்ளே திம்மப்பனிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். எழுதித் தரச் சொல்லி ஒரு வெள்ளைத் தாளையும் நீட்டினேன். அவர் தாளைத் தொடவே இல்லை.

“போலீஸ் விசாரணைல இருக்கற விஷயம்மா. என் கூட்டத்துக்கு வந்த காசுன்னு எழுத்துல குடுத்தா, நாளைக்கு என்னயல்ல இழுப்பாங்க? நீ போ, பாத்துக்கலாம்.”

“ஒரு வரிதாங்க சார். டீ குடிச்சோம்னு மட்டும் எழுதுங்க.”

“பாத்துக்கலாம்னு சொன்னேன்ல!”

புதன்கிழமை ஐசக் போனில் அந்தப் பேச்சைப் போட்டுக் காட்டினார். ஒன்பது நிமிடம். மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே என்று ஆரம்பித்து, மின்னணுப் பரிவர்த்தனையைப் பாராட்டினார், நுகர்வோர் பாதுகாப்பு என்று நாலு தடவை சொன்னார். கணக்கு முடக்கம் பற்றி மூச்சு விடவில்லை. கடைசியில் மட்டும் குரலை உயர்த்தி, “சிறு வியாபாரிகள் தாங்கள் யாரிடமிருந்து பணம் பெறுகிறோம் என்பதில் விழிப்போடு இருக்க வேண்டும்” என்றார். மேசையைத் தட்டினார்கள். போனைப் பிடுங்கிக் கட்டிலில் வீசினேன்.

வெள்ளிக்கிழமை நஞ்சம்மா வண்டிக்கே வந்தார். “எத்தன நாளுதான் நானும் பொறுக்கறது? செல்போன் கவர் விக்கறவரு முழுசா எண்ணிக் குடுத்துட்டாரு. எம்மேல வருத்தப்படாத பவுலினா” என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. ஒரு டீ போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டார்கள். ‘நுகர்வோர் விழிப்புணர்வு முகாம்’ என்று பேனர். திம்மப்பன் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். சுற்றிலும் போனை நீட்டிப் படம் பிடிக்கிறவர்கள். கோபி வேறு ஒரு புதுப் போனோடு என் வண்டிக்கு வந்தான்.

“அக்கா, முப்பது டீ.”

நான் அட்டை மேல் துணியைப் போட்டு மூடினேன். “உங்களுக்கு டீ இல்ல.”

திம்மப்பனே சிரித்துக்கொண்டு வந்தார். “என்னம்மா, நம்ம கடை டீ நமக்கே இல்லயா?”

“நீங்கதான சார் சட்டசபைல சொன்னீங்க, யார்கிட்ட காசு வாங்கறோம்னு பாத்து வாங்கச் சொல்லி? உங்ககிட்ட வாங்குனதுலதான் என் கணக்கு முடங்கிப்போச்சு. நானூத்தி அறுவது ரூவா. மார்ச் பதினாலு. நீங்க இதே எடத்துல நின்னு குடிச்ச டீ.”

போன்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அதில்தான் ஒற்றை ரூபாய் கிடையாதே.

“காசு வேண்டாங்க சார்” என்று சர்க்கரை டப்பாவுக்கு அடியிலிருந்து அந்த வெள்ளைத் தாளை எடுத்தேன், பேனாவோடு. “கட போயிடுச்சு. என் பணமாவது வரட்டும். டீ குடிச்சோம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. முப்பது டீயும் சும்மாவே ஊத்தறேன்.”

அவர் தாளைப் பார்த்தார். போன்களைப் பார்த்தார். பிறகு கோபியிடம் மெதுவாக, “பக்கத்துல வேற கட இருக்கா பாரு” என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

நான் தாளை மடித்து மறுபடியும் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். பந்தலில் அவர் பேச ஆரம்பித்திருந்தார். விழிப்போடு இருங்கள் என்றார். வந்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.